கடற்பயணமும் கடவுச்சீட்டும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

வரவு செலவு அறிக்கை வாசித்து முடித்த கூட்டத்தில் பாஸ்போர்ட், விசா பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். சபராளிகள் இல்லாத வீடு நம்மில் மிகக் குறைவு. அண்மைக் காலமாக, பிழைப்புக்காக மட்டுமன்றி, உல்லாசக் கப்பல்களில் குடும்பத்தோடு சென்று வரும் வழக்கமும் பெருகி வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், வாப்பாவும் உம்மாவும் ஒருமுறையேனும் இளைப்பாறட்டும் என்று அன்போடு சீட்டு எடுத்துக் கொடுக்கின்றனர். அந்த அன்பு துறைமுக வாசலில் கண்ணீராக மாறிவிடக் கூடாது என்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நாம் அறிந்த ஒரு முதிய தம்பதியர் அவ்வாறு அனுப்பப்பட்டனர். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பல் ஏறி, அடுத்த நாட்டைப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் ஏறிய இடத்திற்கே திரும்புவது பயணத் திட்டம். அவர்கள் கையிலிருந்ததோ ஒருமுறை மட்டும் நுழைய இடமளிக்கும் விசா. "இந்த நாட்டை விட்டுக் கப்பல் புறப்பட்டதும் உங்கள் விசா முடிந்துவிடும், திரும்பி இறங்க வழியில்லை" என்று கூறி அவர்களைக் கப்பலில் ஏற்ற மறுத்துவிட்டனர். மகனும் மருமகளும் பேரப் பிள்ளைகளும் கப்பலில் ஏறாமல் அவர்களோடு விடுதிக்குத் திரும்பினர். பணம் போனதைப் பற்றி அப்பெரியவர் நம்மிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பேரப் பிள்ளைகள் முன்னால் குற்றவாளி போல நின்றேன்" என்பதை மட்டும் இருமுறை சொன்னார்.

சகோதரர்களே! இந்தக் கடற்கரைக்குக் காகிதத்தின் அருமையை எவரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய மேற்குத் துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் தொட்டுச் செல்லும் பெருநகரம் என்று காயலைப் பற்றி எழுதினார். அன்று காற்றின் திசையும் வணிகனின் நாணயமுமே பயணத்திற்குப் போதுமானவையாக இருந்தன.

16ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. புன்னைக்காயல் போர்த்துக்கீசியரின் முக்கிய இருப்பிடமாயிற்று. முத்துக்குளித்துறை முழுவதிலும் அவர்களுடைய ஆதிக்கம் பரவியது. அவர்கள் வழங்கிய 'கர்த்தாஸ்' எனும் கடல் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைச் சரக்கோடு பறிமுதல் செய்தனர். கப்பலின் பெயர், தலைவனின் பெயர், ஏற்றியிருக்கும் ஆட்களும் ஆயுதங்களும், சேரும் துறை ஆகிய யாவும் அச்சீட்டில் எழுதப்பட்டன. எழுதியதற்கு மாறாக எது காணப்பட்டாலும் கப்பலுக்கு ஆபத்துதான். அதனால் மிகுந்த இழப்புக்கு ஆளானவர்களில் முஸ்லிம் வணிகர்கள் முதன்மையானவர்கள்.

ஹஜ்ஜுக்குச் செல்லும் கப்பல்களுக்கும் அச்சீட்டு தேவைப்பட்டது. அதில் உருவப்படங்கள் பொறிக்கப்பட்டிருந்தமையால், அதை ஏந்திச் செல்ல வேண்டிய நிலையில் ஹஜ் கடமையாகாது என்று அக்பரின் அரசவை ஆலிமான மக்தூமுல் முல்க் அப்துல்லாஹ் சுல்தான்பூரி தீர்ப்புக் கூறியதாக வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதியுள்ளார். அக்பரின் அத்தை குல்பதன் பேகமோ, சூரத் துறைமுகத்தில் நெடுநாள் காத்திருந்து, சீட்டுப் பெற்ற பின்னர் 1576இல் கப்பலேறி ஹஜ்ஜை நிறைவேற்றினார். பேரரசரின் குடும்பத்தாரே காகிதத்திற்காகக் காத்திருந்தனர் என்றால், நாம் காத்திருப்பதில் இழிவு ஏதுமில்லை.

இலங்கையோடு நமக்கிருந்த உறவும் இவ்வாறே மாறியது. வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய காலத்தில், தூத்துக்குடியில் கப்பலேறுவோர் கொழும்பை இன்னொரு வீடாகவே கருதினர். இலங்கையின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பின்னர், அதே கடலைக் கடக்கக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியதாயிற்று. உரிய ஆவணமின்றித் தோணியேறிப் போனவர்களுக்கு 'கள்ளத்தோணி' என்ற பெயர் சூட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாணிபம் செய்த குடும்பங்கள், தற்காலிக வதிவிட அனுமதி புதுப்பிக்கப்படாமையால் கடையைப் பூட்டிவிட்டு ஊர் திரும்பிய கதைகளை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடலின் அகலம் கூடவில்லை. இரு கரைகளுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்தது.

அந்தக் கோட்டின் மீதுதான் இன்றும் கப்பல்கள் ஓடுகின்றன. 2011 ஜூன் 13ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் புறப்பட்டபோது நம் ஊர்கள் எல்லாம் மகிழ்ந்தன. அவ்வாண்டு நவம்பரிலேயே அச்சேவை நின்றுபோனது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 14இல் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டு, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கிற்று. இனி, இத்தகைய பயணங்களுக்கு வேண்டியவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, கப்பல் எங்கே போகிறது என்பதை அறிய வேண்டும். சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்வோர்க்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. அடையாள அட்டை போதும். கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்குச் செல்வதற்கும் கடவுச்சீட்டு வேண்டாம். ஆயினும் முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற வேண்டும். அயல்நாட்டுத் துறை ஒன்றைத் தொடுமாயின், ஒரு நாளே ஆனாலும், கடவுச்சீட்டு கட்டாயமாகும்.

இரண்டாவது, கடவுச்சீட்டு காலாவதியாகும் நாளைப் பார்க்க வேண்டும். பயணம் முடிந்து திரும்பும் நாளிலிருந்து மேலும் ஆறு மாதமேனும் அது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்று பல நாடுகளும் கப்பல் நிறுவனங்களும் எதிர்பார்க்கின்றன. முத்திரையிட வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். பெரியவர்களின் கடவுச்சீட்டு 10 ஆண்டுகளும், சிறுவர்களுடையது 5 ஆண்டுகள் அல்லது 18 வயது நிறையும் வரை, இவற்றில் எது முன்னதோ அதுவரையும் செல்லும். கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும்.

மூன்றாவதுதான் பலரும் தவறும் இடம். கப்பலில் ஒரே அறையில் உறங்கி எழுவதால் ஒரே பயணம் என்று நாம் எண்ணுகிறோம். சட்டமோ கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டையும் தனித்தனி எல்லையாகக் காண்கிறது. சிங்கப்பூரில் ஏறி மலேசியாவைத் தொட்டு மீண்டும் சிங்கப்பூரில் இறங்குபவர் சிங்கப்பூருக்குள் இருமுறை நுழைகிறார். துபையில் ஏறி மஸ்கத்தைப் பார்த்துத் துபைக்குத் திரும்புவதும் அவ்வாறே. கிரீஸ் நாட்டில் ஏறி, துருக்கித் துறையைத் தொட்டுத் திரும்புவோர், பலமுறை நுழைய இடமளிக்கும் ஷெங்கன் விசாவைப் பெற்றிருக்க வேண்டும். துருக்கியின் விசா விதியைத் தனியே கவனிக்க வேண்டும். இலங்கைக்கு, 2012 முதல் நடைமுறையில் உள்ள 'இ.டி.ஏ.' எனும் மின்னணுப் பயண அனுமதியை முன்னரே பெற்றுக்கொள்வது நலம். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்க்கு 30 நாள் வரை விசாவின்றி நுழைய இடமளித்தது. இத்தகைய சலுகைகள் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே அறிவிக்கப்படுபவை. ஆகவே சீட்டு எடுக்கும் நாளிலும், புறப்படும் வாரத்திலும் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 'போன வருடம் என் மச்சான் போய் வந்தார்' என்பது ஆவணம் ஆகாது.

நான்காவது, பெயர். நம்மவர்களுக்குத் தலைப்பெழுத்து வைப்பது வழக்கம். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்தெழுத வேண்டும். குடும்பப் பெயர் என்னும் கட்டத்தை நம்மில் பலர் வெறுமையாக விட்டுள்ளனர். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளோர் சுற்றுலா விசாவில் வர இயலாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. கடவுச்சீட்டின் இறுதிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருப்பின் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கப்பட்டது. முஹம்மது என்ற ஒரு திருப்பெயரையே ஆங்கிலத்தில் பலவாறாக எழுதுகிறோம். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளே பயணச்சீட்டிலும் விசாவிலும் எழுத்துப் பிசகாமல் இருத்தல் வேண்டும். 2023 அக்டோபர் 1ஆம் நாளும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த நாளுக்கான சான்றாக ஏற்கப்படும் என்று 2025இல் விதி திருத்தப்பட்டுள்ளது. ஆகவே, குழந்தை பிறந்ததும் பெயரைச் சரியாகப் பதிவு செய்துவிடுங்கள். நம் சகோதரிகள் தலையை மறைத்தவாறே புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். முகம் நெற்றி முதல் தாடை வரை தெளிவாகத் தெரிந்தால் போதும்.

ஐந்தாவது, கடவுச்சீட்டின் பாதுகாப்பு. சில கப்பல்களில் ஏறியவுடன் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வர். ஆகவே நகல் ஒன்று எப்போதும் நம்மிடம் இருக்கட்டும். அயல்நாட்டில் தொலைந்துவிட்டால், அங்குள்ள காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். அங்கே கிடைக்கும் அவசரச் சான்றிதழ் தாயகம் திரும்ப மட்டுமே உதவும். பயணத்தைத் தொடர உதவாது.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் கப்பல் அதிகாரியிடம் கெஞ்சுவதில் பயனில்லை. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் கப்பல் நிறுவனத்திற்கே தண்டம் விதிக்கப் பல நாடுகளில் சட்டம் உண்டு. நம் நாட்டிலும் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அத்தகைய பொறுப்பை நிறுவனங்கள் மீது சுமத்துகிறது.

நம் மாவட்டம் மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் கீழ் வருகிறது. திருநெல்வேலியில் சேவை மையம் உண்டு. 36 பக்கக் கடவுச்சீட்டுக்கு ரூ.1,500 கட்டணம், தட்கல் முறைக்கு மேலும் ரூ.2,000. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுத்தில் ஒழுங்கு பேணுவது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த பண்பாகும். எனவே நிர்வாகத்தாரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின், படித்த நம் இளைஞர்கள் இருவர் பள்ளிவாசல் முன்கூடத்தில் அமர்ந்து, வருவோரின் கடவுச்சீட்டு நாள், பெயர், விசா ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லட்டும். விண்ணப்பம் நிரப்ப உதவட்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. பெரியவர் ஒருவர் பேரப் பிள்ளைகள் முன்னால் தலைகுனியாமல் காத்தாலே அதன் கூலி பெரிது.

இன்றிரவு வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் அலமாரியைத் திறந்து, குடும்பத்தார் அனைவரின் கடவுச்சீட்டிலும் காலாவதி நாளைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள அன்புடன் வேண்டுகிறோம்.

வல்ல நாயன் நம் சபராளிகளைக் கரையிலும் கடலிலும் காத்து, மன நிறைவோடு இல்லம் சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.