டிக் போடுறதுக்கு முன்னாடி

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ, அப்பாவோட கம்ப்யூட்டர்ல சி டிரைவ் நிரம்பிச் சிவப்பா இருந்தது. நான்தான் இன்ஜினியராச்சே! விண்டோஸ் செட்டிங்ஸ்ல ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பட்டியலைத் திறந்தேன். அதுல டவுன்லோட்ஸும் வரும். டிக் இல்லாமதான் இருக்கும். நானே டிக் போட்டு அழிச்சேன். ஆச்சி அனுப்பின வாய்ஸ் மெசேஜை எல்லாம் அப்பா அங்கதான் வச்சிருந்தார். ரீசைக்கிள் பின்லயும் இல்லை. ஆச்சியும் இப்போ இல்லை.

டெம்ப், தம்ப்நெயில் எல்லாம் கம்ப்யூட்டர் தானே உருவாக்கினது. தேவைப்பட்டா மறுபடி உருவாக்கிக்கும், தாராளமா அழிக்கலாம். சிஸ்டம்32, வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர்கள்ல கையே வைக்காதீங்க. மனுஷங்க சேர்த்து வச்சதை, அவங்களைக் கேட்காம அழிக்காதீங்க.

அப்பா திட்டவே இல்லை. அதான் இன்னும் உறுத்துது. அடுத்த எபிசோட்ல பேக்கப் பத்திப் பேசுவோம்.