தலைமையும் குறிப்பறிதலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இசையும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் தொழில் நிர்வாகத்தைப் பற்றிப் பேசுவது சற்றுத் துணிவான செயலே. ஆயினும், இக்குடியிருப்பில் வாழும் நம்மிற் பலர் பத்துப் பேருக்கோ நூறு பேருக்கோ மேலாளராக இருக்கிறோம். அவ்வேலைக்கு நம்மைத் தேர்ந்தவர்கள் நமது கணக்கறிவையும் பொறியியலறிவையும் பார்த்தார்கள். மனிதரோடு பழகும் திறம் நமக்கு உண்டா என்று பெரும்பாலும் எவரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த ஹாதார்ன் என்னுமிடத்தில், தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலை இருந்தது. விளக்கொளியைக் கூட்டினால் வேலை மிகுமா என்று அங்கே 1924ஆம் ஆண்டு ஆராயத் தொடங்கினர். ஒளிக்கும் வேலைக்கும் தெளிவான தொடர்பு ஒன்றும் அகப்படவில்லை. 1927இல், ரிலே என்னும் சிறு கருவியைப் பூட்டும் பெண்கள் சிலரைத் தனியறையில் அமர்த்தி, இடை ஓய்வு தந்தும் வேலை நேரத்தைச் சுருக்கியும் பார்த்தார்கள். உற்பத்தி ஏறிற்று. தம்மையும் ஒரு பொருட்டாக மதிக்கிறார்கள் என்ற உணர்வே அதற்குப் பெருங்காரணம் என்று ஹார்வர்டைச் சேர்ந்த எல்டன் மேயோ முதலியோர் முடிவு கண்டனர். பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் இம்முடிவை ஐயுற்றனர். அப்பெண்களுக்குக் கூலி கணக்கிடும் முறையும் மாற்றப்பட்டிருந்தது. அன்றியும், மிகுதியாகப் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரு பெண்களை நீக்கி வேறிருவரை 1928இல் கொணர்ந்ததும் அதே அறையில்தான்! மனித உறவின் மேன்மைக்குச் சான்றாகக் காட்டப்பெறும் அறையில் இது நிகழ்ந்தது வியப்பே.

அதனினும் நமக்குப் பயன் தருவது அவ்வாலையில் 1928 முதல் 1930 வரை நிகழ்ந்த மற்றொரு முயற்சி. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினர். முதலில் வினாப்பட்டியலோடு அமர்ந்தார்கள். கேட்ட கேள்வியை விட்டுவிட்டுத் தொழிலாளர் வேறெதையோ பேசினர். பின்னர் பட்டியலை ஒதுக்கி வைத்து, அவர்கள் பேச விரும்பியதையே பேசவிட்டுக் கேட்டனர். கூலி விகிதம் குறைவு என்று முறையிட்ட ஒருவரிடம் பேசப் பேச, அவர் மனைவி மருத்துவமனையில் இருப்பதும், அச்செலவைப் பற்றிய அச்சமும் வெளிவந்தன. இதனால் கூலிக் குறையெல்லாம் மனக்குறையே என்று தள்ளிவிடலாகாது. கூலி குறைவாயிருந்தால் அது குறைவே. அதனைக் காது கொடுத்துக் கேட்பதால் மட்டும் ஈடு செய்ய இயலாது.

உணர்ச்சியை அறிந்து ஆளும் திறத்தை ஒருவகை நுண்ணறிவென்று 1990இல் சலோவி, மேயர் என்னும் இரு உளவியலறிஞர் வகுத்தனர்; 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதனை உலகெங்கும் பரப்பிற்று. நமக்கு இது முற்றிலும் புதிதன்று. வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். ஒன்று பொருட்பாலில் 71ஆவது. மற்றொன்று காமத்துப்பாலில் 110ஆவது. அரசவையில் வேண்டும் அறிவும் அன்புடையார் இருவர்க்கிடையே வேண்டும் அறிவும் ஒரே பெயரைப் பெற்றன.

இனிப் பயிற்றுவித்தலைப் பற்றி ஒன்று. டிமதி கால்வே என்னும் அமெரிக்க டென்னிஸ் ஆசிரியர் 1974இல் ஒரு நூல் வெளியிட்டார். கையை இப்படி வை, காலை அப்படி வை என்று ஓயாது சொல்வதால் ஆடுபவர் தடுமாறுகிறார் என்பது அவர் கண்டது. மாறாக, பந்து தரையில் படும்போதும் மட்டையில் படும்போதும் அதனை வாய்விட்டுச் சொல்லும்படி மட்டும் பணித்தார். கவனம் பந்தின்மேல் நிலைக்க, ஆட்டம் சீர்ப்பட்டது. இம்முறையைத் தொழிலுலகுக்குக் கொணர்ந்தவருள் முன்னோடி ஜான் விட்மோர் என்னும் ஆங்கிலேயர். முன்னாள் கார்ப்பந்தய வீரர். நீ அடைய விரும்புவது யாது, இப்பொழுது நிலைமை என்ன, எவ்வெவ் வழிகள் உள, எதனைச் செய்யப்போகிறாய் என்னும் வினாக்களை அவரது 1992ஆம் ஆண்டு நூல் பரப்பிற்று. தீ பற்றிக்கொண்டபோது இவற்றைக் கேட்டுக்கொண்டிருத்தல் மடமை. அப்போது கட்டளைதான் வேண்டும். மற்ற நாட்களில், விடையை நாமே சொல்லிவிடாமல் நாவை அடக்குவது எளிதன்று.

நம்மவர்க்கு இங்கே ஒரு தனி இடர் உண்டு. இந்தி மொழியில் ஒருவரை விளிக்கத் தூ, தும், ஆப் என மூன்று படிகள் உண்டு. நமது நீ, நீர், நீங்கள் போன்றவையே. ஆனால் கடைத்தெருவில் இந்தி கற்ற தமிழ் அலுவலர், ஐம்பத்தைந்து வயதுத் தொழிலாளரைத் தும் என்று விளித்துவிடுகிறார். அவர் முகம் சுருங்குவதை நாம் காண்பதில்லை. வேலையில் அக்கறையில்லை என்று குறித்துக்கொள்கிறோம். அவர் வாளாவிருப்பதில் கேடு உண்டு. இயந்திரத்தில் அவர் கேட்ட வேற்றொலியை நம்மிடம் சொல்லமாட்டார்.

இது கற்பனை அச்சமன்று. ஏமி எட்மண்ட்ஸன் என்னும் அறிஞர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் எழுதினார். நன்கு இயங்கும் குழுக்களில் பிழை குறைவாயிருக்கும் என்று எதிர்பார்த்தார். ஏட்டில் பதிந்த பிழைகளோ அங்கேதான் மிகுதி! அவர்கள் அஞ்சாது பிழையை வெளியிட்டனர். பிற குழுக்களில் மறைத்தனர் என்பதே அவர் கண்ட விளக்கம். உலையும் பளுதூக்கியும் மின்கம்பியும் சூழ்ந்த இடத்தில் மறைக்கப்படும் பிழை உயிரையே கொள்ளும். ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் காலடியோசைக்குக் காத்திருக்கும் தாய்மார்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம்மிடையே ஓய்வு பெற்ற மூத்தோர் பலர் உளர். புதிதாக வேலையேற்று வந்த இளைஞரும் உளர். இவருள் பெண்கள் தொகையும் பெருகி வருகிறது. திங்களுக்கு ஒரு ஞாயிறு, நூலகக் கூடத்தில் இருவர் இருவராக அமர்ந்து பேச ஏற்பாடு செய்யலாம். ஒரே நிபந்தனை: முதல் அரை மணி நேரம் மூத்தவர் கேள்வி மட்டுமே கேட்கலாம், அறிவுரை கூறலாகாது. நம் பெரியவர்களுக்கு இது எத்துணைக் கடினம் என்பதை நாம் அறிவோம். ஆதலின் மணி பார்க்க ஓர் ஆளையும் சங்கமே அமர்த்தித் தரவேண்டும்.