காற்று மிதிக்கும் பிரேக்

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் வழியாகக் கும்பகோணம் போயிருப்பீர்கள். ரோட்டில் ஒரு பாதியில் நெல் காயும். மறு பாதியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எதிரே வரும். அதற்கு ஒதுங்கி வளைவைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்து வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். இந்த ரோட்டில் ஓட்டுகிறவருக்கு பிரேக்தான் உயிர். அப்படியிருந்தும் கரந்தைப் பக்கம் இருக்கிற எங்கள் பட்டறைக்கு வரும் இளைஞர்கள் முதலில் கை வைக்கச் சொல்வது இன்ஜினில்தான். கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வருவார்கள். "அண்ணே, வண்டி சீறிட்டுப் போகுது. ஆனா பிரேக் பெடல் கட்டையா இருக்கு" என்பார்கள்.

இன்ஜினுக்கு முறுக்கேற்றினால் பிரேக் ஏன் கட்டையாகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இன்றைய பேச்சு. கார் இல்லாத நேயர்கள் ரேடியோவை மூடிவிட வேண்டாம். வயலில் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த சங்கதி.

பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கத்தில், முன் கண்ணாடிக்குக் கீழே, கறுப்பாக உருண்டையான டப்பா ஒன்று தெரியும். அதன் முன்னால் மாஸ்டர் சிலிண்டர், அதற்கு மேலே பிரேக் ஆயில் ஊற்றும் கிண்ணம். அந்தக் கறுப்பு டப்பாவின் பெயர் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம் அதை முன் அறை, பின் அறை என்று பிரிக்கிறது. இன்ஜின் ஓடும்போது மேனிஃபோல்டிலிருந்து வரும் ஹோஸ் இரண்டு அறைகளிலிருந்தும் காற்றை உறிஞ்சிவிடும். நீங்கள் பெடலைத் தொட்டதும் பின் அறைக்கு மட்டும் வெளிக்காற்று நுழைய வழி திறக்கிறது. முன் அறை காலி, பின் அறையில் காற்று. டயஃப்ரம் முன்னால் தள்ளப்படுகிறது. உங்கள் காலோடு சேர்ந்து காற்றும் பிரேக்கை மிதிக்கிறது.

காற்றுக்கு அவ்வளவு பலமா என்றால், டெல்டா விவசாயிக்கு அது தெரியாததல்ல. ஃபில்டர் பாயிண்ட் இறக்கி, தரைமேல் மோட்டார் வைத்து இறைக்கிறோமே, அங்கே தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது? மோட்டார் குழாயிலிருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே இருக்கிற காற்றின் அழுத்தம் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. கணக்குப்படி 10 மீட்டருக்குச் சற்று மேல் ஏறலாம். நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினாலே மோட்டார் திணறும். கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் குழி வெட்டி மோட்டாரைக் கீழே இறக்குவது இதனால்தான். ஃபுட் வால்வு கசிந்தால் குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிவிடும். சக்ஷன் பைப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் ஏர் பிடித்துவிடும். பூஸ்டருக்கு வருவதும் இதே நோய்கள்தான். ஃபுட் வால்வு செய்யும் வேலையை அங்கே, ஹோஸ் டப்பாவுக்குள் நுழையும் இடத்தில் இருக்கிற நான்-ரிட்டன் வால்வு செய்கிறது. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் சாமான் அது. என் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த பாகமும் அதுதான். இன்ஜின் நின்றுபோனாலும் ஓரிரண்டு மிதிக்கு வேண்டிய பலத்தை அது உள்ளே பூட்டி வைத்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள டயஃப்ரத்தின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஒழுங்காக இருக்கும் பெட்ரோல் இன்ஜின் ஸ்லோ ஸ்பீடில் 500 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு வேக்குவம் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் காற்று 680 கிராம் வரை அழுத்துகிறது. பெருக்கிப் பார்த்தால் 213 கிலோ. ஒரு சொட்டுப் பெட்ரோல் கூடுதலாகச் செலவில்லாமல் கிடைக்கிற பலம்! பெல்ஜியத்து ஆல்பெர்ட் டெவாண்ட்ரே உருவாக்கிய இந்த வேக்குவம் சர்வோவை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927 வாக்கில் பெரிய வண்டிகளுக்குக் கொண்டுவந்தது. ஏறக்குறைய நூறு வருஷம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

நம் ஊர் ரேஸ்காரர்கள் பூஸ்டர் இல்லாமலும் ஓட்டியிருக்கிறார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் ஃபியட் கார்கள் பறந்த காலம் இருந்தது. அந்த ஃபியட்டின் மறுபெயரான பிரீமியர் பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். கோயம்புத்தூர் கரிவரதன் போன்றவர்கள் அந்த ஃபியட்டுகளை எடை குறைத்து, இன்ஜினை மாற்றி ஓட்டினார்கள். நிறுத்துவது முழுக்கக் காலின் வேலை. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் வந்தது. 1994-ல் மாருதி எஸ்டீம் வந்தது. முன்னால் டிஸ்க், கூடவே பூஸ்டர். மாற்றி ஓட்டும் ஆசை டெல்டாப் பையன்களையும் பிடித்துக்கொண்டது.

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் அப்படி ஒரு எஸ்டீமைக் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் கேம் ஷாஃப்டை மாற்றியிருந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றதும் பெரிய காலிப்பரையும் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதன் பிறகும் பெடல் கட்டை. "இன்னும் பெரிய பூஸ்டரா போட்டுடலாமாண்ணே?" என்றார். அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. "டிராக்குல நல்லா நிக்குதுண்ணே. தஞ்சாவூர் கீழவாசல் நெரிசல்லதான் நிக்க மாட்டேங்குது."

நேயர்களே, நோய் எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் தம்பியே சொல்லிவிட்டார். ரேஸ் கேம் போட்டால் இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் நேரம் கூடுகிறது. அதிக ஆர்பிஎம்மில் அது சிலிண்டரை நன்றாக நிரப்பும். ஸ்லோ ஸ்பீடிலோ எரிந்த புகை மேனிஃபோல்டுக்கே திரும்பி வரும், வேக்குவம் விழுந்துவிடும். கேஜ் மாட்டிப் பார்த்தேன். முள் 250-ஐ ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. 213 கிலோ கிடைக்க வேண்டிய இடத்தில் 107 கிலோதான் கிடைக்கும். டிராக்கில் 6,000 ஆர்பிஎம்மில் பறந்து, வளைவுக்கு முன்னால் ஆக்ஸிலரேட்டரை விடும்போது த்ராட்டில் மூடியிருக்க இன்ஜின் வேகமாகச் சுழல்கிறது. அப்போது வேக்குவம் தாராளம். அதனால் அங்கே வண்டி நிற்கிறது. கீழவாசலில் ஊர்ந்து ஊர்ந்து, நூறு அடிக்கு நாலு தரம் பிரேக்கைத் தொட்டால் சேர்ந்தது தீர்ந்துவிடும், புதிதாகச் சேர நேரமில்லை.

ராலி ஓட்டுகிற சிலர் வலது கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்க, இடது காலால் பிரேக்கை மிதிப்பார்கள். த்ராட்டில் திறந்திருந்தால் வேக்குவம் எங்கிருந்து வரும்? அவர்களுக்கும் இதே குறைதான்.

தம்பியின் வண்டியில் நான் முதலில் பார்த்தது ஹோஸை. மருந்து தெளிக்கிற ஸ்பிரேயருக்குப் போடும் டியூபை மாட்டியிருந்தார்கள். அது உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கும். உள்ளே உறிஞ்சினால், அதுவும் இன்ஜின் சூட்டில், சப்பிக்கொள்ளும். வேக்குவத்துக்கென்றே வரும் கனமான ஹோஸையும் புது நான்-ரிட்டன் வால்வையும் போட்டேன். அப்புறம் ஒரு சின்ன இரும்பு டேங்க், அதற்குத் தனியாக இன்னொரு நான்-ரிட்டன் வால்வு. டேங்க் தானாக வேக்குவத்தை உண்டாக்காது. ஆக்ஸிலரேட்டரை விடும்போதெல்லாம் வருகிற உயர்ந்த வேக்குவத்தைப் பிடித்து வைத்து, நெரிசலில் கொடுக்கும். எஸ்டீமுக்கு இதுவே முக்கால்வாசி போதுமானதாக இருந்தது. மீதிக்கு ஒரு மின்சார வேக்குவம் பம்பு வைத்தோம். அளவு இறங்கினால் தானே ஓடி, ஏறினால் தானே நிற்கும்படி ஸ்விட்ச், தனி ரிலே, தனி ஃப்யூஸ். டீசல் வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. டீசல் இன்ஜினில் த்ராட்டில் காற்றை மறிப்பதில்லை என்பதால் கம்பெனியே பம்பு கொடுத்துவிடுகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். டர்போ போட்ட பெட்ரோல் வண்டியில் மட்டும் நான்-ரிட்டன் வால்வை ரொம்பக் கவனியுங்கள். அது கசிந்தால் டர்போவின் அழுத்தம் நேராகப் பூஸ்டருக்குள் புகுந்துவிடும்.

வேக்குவம் சரியான பிறகுதான் மற்றதெல்லாம். மாஸ்டர் சிலிண்டரை 22.2 மில்லிமீட்டரிலிருந்து 19-க்கு மாற்றினால் அதே மிதிக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழுத்தம் கூடும், ஆனால் பெடல் இன்னும் ஆழமாக இறங்கும். தம்பியின் பெரிய காலிப்பருக்கு ஆயில் நிறைய வேண்டும். சின்ன சிலிண்டர் போட்டிருந்தால் பெடல் தரையைத் தொட்டிருக்கும். அதனால் அதைத் தொடவே இல்லை.

எலியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வருகின்றன. வெதுவெதுப்பான பானெட்டுக்குள் ஏறி ஹோஸைக் கடிக்கின்றன. ஒரத்தநாட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், ஒரே ராத்திரியில் பிரேக் கெட்டுவிட்டது என்று பதறினார். ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பல் பட்டிருந்தது. பெடலை மிதிக்கும்போது இடைவிடாமல் "உஸ்" என்று சத்தம் வந்தாலோ, ஸ்லோ ஸ்பீடில் இன்ஜின் திடீரென்று குதித்தாலோ, பூஸ்டர் பக்கம் காதை வையுங்கள்.

நேரம் குறைவாக இருப்பதால் மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்த டெல்டாவில் அதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். சென்னை பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா முதல் பலரும் தரமான ஆயில் தருகிறார்கள், திறந்து கிடக்கும் டின்னிலிருந்து வாங்காதீர்கள். பூஸ்டர் எவ்வளவு பெரிதானாலும் டயருக்குப் பிடிமானம் தராது. காயும் நெல்மேல் பலமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புதுக் கார்களில் ஏபிஎஸ் உண்டு. மாற்றி அமைக்கும் பழைய கார்களில் பெரும்பாலும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் நினைவில் வையுங்கள். பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக இன்ஜினை மாற்றிவிட்டு ரோட்டில் ஓட்ட அனுமதியில்லை. டிராக்குக்கென்று கட்டிய வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நாளைக் காலையில் ஒன்றைச் செய்து பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், பெடல் இறுகும்வரை ஐந்தாறு தரம் மிதியுங்கள். காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். இன்ஜின் பிடித்ததும் பெடல் மெல்ல ஓரிரு அங்குலம் கீழே இறங்கினால் பூஸ்டர் நலமாக இருக்கிறது. இறங்காவிட்டால் அன்றைக்கு அந்த வண்டியை ரோட்டுக்கு எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.