கடனாளி செல்வர் ஆன கணக்கு



மரக்காணத்து உப்பளங்களை அடுத்த ஊரொன்றில் நெடுங்காலம் கணக்குக் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். 'சி' என்னும் கணிப்பொறி மொழியில் குறியுடைய முழு எண்ணையும் குறியில்லா முழு எண்ணையும் ஒப்பிடுவது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. கடன் வாங்கிய எவருக்கும் விளங்கக்கூடிய செய்திதான் இது.

எங்கள் கரையில் உப்பு விளைவது வெயிலின் கொடை. பாத்தியில் தேக்கிய உவர்நீர் வற்ற வற்ற உப்புப் பூக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் பாத்திகள் மூழ்கும், வேலை நின்றுவிடும். அம்மாதங்களில் தொழிலாளர் முன்பணம் வாங்கி உண்பர். கோடையில் உழைத்து அதனைக் கழிப்பர். ஆகவே அவர்கள் கணக்கில் இருப்பும் உண்டு, கடனும் உண்டு.

உப்பளத் தொழிலாளர் சிலர் சேர்ந்து நடத்தும் சிறுசேமிப்புக் குழு ஒன்றுக்கு, கல்லூரியில் படிக்கும் என் பழைய மாணவன் ஒருவன் 'சி' மொழியில் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தான். இருப்பு 1000 ரூபாய்க்குக் குறைந்தவர்க்கு மழைக்கால உதவி அளிப்பது என்று குழுவினர் முடிவு செய்திருந்தனர். பட்டியல் வந்தது. 200 ரூபாய் இருப்பு உள்ளவர் பெயர் இருந்தது. 700 ரூபாய் உள்ளவர் பெயரும் இருந்தது. 500 ரூபாய் கடன்பட்டிருந்த மூதாட்டி ஒருவரின் பெயரை மட்டும் காணோம். தேடிப் பார்த்தால், கடன்பட்ட எவர் பெயருமே அதில் இல்லை!

"வாத்தியாரய்யா, பெட்டிக் கணக்குல நான் பணக்காரி ஆயிட்டேனா?" என்று அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உதவி மிகுதியும் தேவைப்பட்டவர்களே விடுபட்டிருந்தார்கள்.

மாணவனும் நானும் நிரலை வரிவரியாகப் படித்தோம். நாங்கள் கண்டதைச் சொல்லுமுன் ஒரு கேள்வி. வண்டிகளில் தூரம் காட்டும் எண்சக்கரங்களைப் பார்த்திருப்பீர்கள். நான்கு சக்கரங்களும் 0000 என்று நிற்கும்போது ஒரே ஒரு படி பின்னோக்கிச் சுழற்றினால் என்ன தோன்றும்? 9999 தோன்றும். அது ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதா? அல்லது பூச்சியத்துக்கு ஒன்று குறைவா? சக்கரம் அதைச் சொல்லாது. எப்படிப் படிப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

1972-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது 'சி' மொழி. அதில் 'இன்ட்' என்னும் முழு எண்ணுக்கு இன்றைய பெரும்பாலான கணிப்பொறிகளில் 32 இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1 நிற்கும். 32 இடங்களிலும் 1 நின்றால், குறியுடைய எண்ணாகப் படிப்போர்க்கு அது −1. குறியில்லா எண்ணாக, அதாவது 'அன்சைன்டு' ஆகப் படிப்போர்க்கு அதுவே 4294967295. இடங்களில் நிற்பவை ஒன்றே. படிக்கும் முறைதான் வேறு.

இவ்விரு வகைகளும் ஒப்பீட்டில் எதிர்ப்பட்டால் என்ன ஆகும்? 'சி' மொழி முதலில் இரண்டையும் ஒரே வகையாக்கும். 'இன்ட்', 'அன்சைன்டு இன்ட்' இரண்டும் சந்தித்தால் குறியுடையதே குறியில்லாததாக மாறும் என்பது விதி. எனவே −500 என்னும் கடன், 4294967296-இலிருந்து 500-ஐக் கழித்து வரும் 4294966796 ஆகிவிடும். அது 1000-க்குக் குறைவா? இல்லை என்றே பொறி விடை கூறும். அம்மையார் வேடிக்கையாகக் கேட்டது உண்மையாயிற்று. பொறியின் கணக்கில் அவர் 429 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செல்வத்துக்கு உரியவர்!

மாணவன் செய்த பிழை யாது? "1000 ரூபாய் என்னும் வரம்பு ஒருநாளும் பூச்சியத்துக்குக் கீழே போகாது, ஆகையால் அதைக் குறியில்லா எண் என்று அறிவித்தேன், ஐயா" என்றான். நினைப்பு சரியே. ஆயினும் அதைக் கடனாகக்கூடிய எண்ணின் அருகில் நிறுத்தியபோது பிழை பிறந்தது. நிரல் தடையின்றி ஓடிற்று; இருப்பு உள்ளவர்க்கு விடையும் சரியாகவே வந்தது. அதனால்தான் பிழை மறைந்து நின்றது.

இன்னொரு நுட்பமும் உண்டு. குறியில்லாத எண் 16 இடங்களே உடைய 'ஷார்ட்' வகையாக இருந்திருந்தால், அது முதலில் 32 இட 'இன்ட்' ஆக விரிந்து, விடை சரியாக வந்திருக்கும். ஆகவே ஓரிடத்தில் சரியாக வந்தது என்று எல்லா இடத்திலும் நம்பிவிடலாகாது.

கி.பி. 628-இல் பிரமகுப்தர் செல்வத்துக்கும் கடனுக்கும் விதி வகுத்தார். கடனும் கடனும் கூடினால் கடன். செல்வமும் கடனும் கூடினால் அவற்றின் வேறுபாடு. எது செல்வம், எது கடன் என்று முதலில் சொல்லிவிட்டே அவர் கணக்கைத் தொடங்குகிறார். நிரல் எழுதுவோர்க்கும் அதுவே வழி.

அந்த வழியை மூன்று பழக்கங்களாகச் சொல்கிறேன். ஒப்பிடப்படும் எண்களுள் ஒன்று கடனாகக்கூடும் என்றால், இரண்டையும் குறியுடையனவாகவே அறிவியுங்கள். அது இயலாதபோது, குறியுடைய எண் பூச்சியத்துக்குக் குறைவா என்று முதலில் கேட்டு, பிறகு ஒப்பிடுங்கள். மூன்றாவதாக, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரிடம் எச்சரிக்கை கேட்டு வாங்குங்கள். 'ஜிசிசி' கம்பைலரில் 'சைன் கம்பேர்' என்னும் எச்சரிக்கை உண்டு. 'சி' மொழிக்கு அது 'ஆல்' என்னும் தொகுதியில் அடங்காது. 'எக்ஸ்ட்ரா' என்னும் தொகுதியையும் கேட்க வேண்டும். எங்கள் மாணவன் கேட்கவில்லை, கம்பைலரும் சொல்லவில்லை.

அன்று அவன் வரம்பின் முன்னிருந்த 'அன்சைன்டு' என்னும் ஒரு சொல்லை நீக்கினான். புதிய பட்டியல் வந்தது. விடுபட்ட பெயர்கள் யாவும் அதில் இருந்தன. அதை அவன் தானே எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மையாரிடம் படித்துக் காட்டினான். மதிப்பெண்ணுக்காகச் செய்யும் கணக்கில் பிழை நேர்ந்தால் சில மதிப்பெண்களே குறையும். பிறர் அடுப்பெரிவதற்காகச் செய்யும் கணக்கை இரண்டு முறை சரிபாருங்கள், மாணவர்களே!