கொல்லையில் நிற்கும் டிராக்டர்

(வானொலி மறையுரை: தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 13:1-9)



காவிரிப் பாசனப் பகுதியில் எந்த ஊருக்குப் போனாலும், ஏதாவது ஒரு வீட்டுக் கொல்லையில் ஓடாத டிராக்டர் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். டயர் வெடித்து மண்ணில் புதைந்திருக்கும். ஒயரை எலி கடித்திருக்கும். சைலன்சர் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி என்ஜின் இறுகிப் போயிருக்கும். "இதை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால், "பார்க்கலாம் சாமி" என்பார்கள். அந்தப் "பார்க்கலாம்" ஐந்து வருடம், பத்து வருடம் என்று நீண்டுகொண்டே போகும்.

ஏன் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை? அப்பா மாட்டை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி எடுத்த வண்டி அது. வாங்கிய கையோடு வேளாங்கண்ணிக்கு ஓட்டிப்போய், மாலை போட்டு, மந்திரித்துக் கொண்டுவந்த வண்டி. அது உழுத சேற்றிலிருந்துதான் பிள்ளைகளின் படிப்பும், மகளின் திருமணமும் நடந்தன. இன்று அப்பா இல்லை. "காயலான் கடைக்குப் போட்டு, வருவதைப் பிரித்துக்கொள்வோம்" என்கிறார் அண்ணன். "அப்பா வண்டியை எடைக்குப் போடுவதா?" என்கிறார் தம்பி. ஆர்.சி. புத்தகம் இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருக்கிறது. முதலில் வண்டி நின்றது. பிறகு அண்ணன் தம்பி பேச்சும் நின்றுவிட்டது. நடுவில் அம்மா தவிக்கிறார்.

இன்றைய நற்செய்தியிலும் இப்படி ஒரு வழக்கு வருகிறது. திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம். மூன்று வருடமாகக் காய்க்கவில்லை. வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். நிலம் வீணாகிறது என்பது அவர் வாதம், அது நியாயமும்கூட. தோட்டக்காரர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பாவம், கிடந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒரு வருடம் தவணை கேட்கிறார். அந்த வருடத்தில் கொத்தி எரு போடும் வேலையைத் தானே ஏற்றுக்கொள்கிறார். அதற்குப் பிறகும் காய்க்காவிட்டால் வெட்டுவதற்குச் சம்மதிக்கிறார். அவருடைய இரக்கத்துக்கு உழைப்பும் உண்டு, கெடுவும் உண்டு. நம்முடைய "பார்க்கலாம்" என்ற சொல்லில் இரண்டும் இல்லை.

எனவே அந்த வண்டியை வைத்திருக்கும் வீட்டாருக்கு ஒன்று சொல்வேன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்து வாருங்கள். என்ஜினைப் பிரித்துப் பார்க்கட்டும். பிஸ்டன், ரிங் மாற்றினால் போதுமா, பிளாக்கே விரிசல் விட்டிருக்கிறதா, உதிரி பாகம் கிடைக்குமா, மொத்தச் செலவு என்ன, யார் எவ்வளவு போடுவது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12ஐக் கெடுவாக வையுங்கள். அதற்குள் ஓடினால் நல்லது. உங்கள் குறுவைக்கும் உழட்டும், வண்டி இல்லாத பக்கத்து வயல்காரருக்கும் உழட்டும். ஓடாவிட்டால் ஆர்.சி.யை முறைப்படி வாரிசு பெயருக்கு மாற்றி, வண்டியை விற்றுவிடுங்கள். உடைப்பதற்கே போகிறது என்றால் பதிவை ரத்து செய்யவும் மறக்காதீர்கள்.

"மந்திரித்த வண்டியை உடைக்கக் கொடுப்பது பாவமா சாமி?" என்று சிலர் கேட்பதுண்டு. பாவமில்லை. இறைவழிபாட்டுக்கென்று அர்ச்சிக்கப்பட்ட திருப்பாத்திரம் வேறு, உழவுக் கருவி வேறு. கருவியை மந்திரிக்கும்போது, அதைக் கொண்டு உழைக்கிற மனிதருக்காகத்தான் திருச்சபை மன்றாடுகிறது. அந்த ஆசீர் அப்பாவின் உழைப்பில் பலித்தது. அதை உண்டு வளர்ந்த உங்களிடம் இருக்கிறது. இரும்பு போனால் அது போய்விடாது. ஆனால் அந்த இரும்புக்காக அண்ணன் தம்பி பகைத்துக்கொண்டால், அப்பா சம்பாதித்த ஆசீரை நாமே தொலைக்கிறோம்.

அன்புக்குரியவர்களே, அந்த அத்திமரம் கடைசியில் காய்த்ததா, வெட்டப்பட்டதா? இயேசு சொல்லவில்லை. கதை அந்த ஒரு வருடத்தோடு நின்றுவிடுகிறது. ஏனென்றால் அந்த வருடத்துக்குள் இருப்பவர்கள் நாம்தான். நம்மைச் சுற்றி மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பவர் ஆண்டவர். தவக்காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. டிராக்டருக்கு ஜூன் மாதம்வரை பொறுக்கலாம். பேசாமல் இருக்கிற சகோதரனுக்கு அவ்வளவு நாள் வேண்டாம். இன்று மாலையே அவர் வீட்டுக்குப் போங்கள். வண்டியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அம்மா கையால் இருவரும் ஒரு வாய் காப்பி குடியுங்கள்.

மன்றாடுவோம்: பொறுமையுள்ள ஆண்டவரே, நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிற காரியங்களை உம் திருமுன் வைக்கிறோம். எதைச் சீர்செய்ய வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அறியும் தெளிவைத் தாரும். எங்கள் குடும்பங்களில் ஒற்றுமை காய்த்துக் கனியச் செய்தருளும். ஆமென்.