அமைதிப் பாட்டும் நம் செவிகளும்

(தேவதானத்தில் நடைபெற்ற சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



'கல்வியின் பயன்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறே எமக்குப் பணித்திருந்தார்கள். எழுதியும் கொண்டு வந்தோம். ஆயினும் நேற்று மாலை விழாக் குழுவினர் கூடியிருந்த இடத்தில் ஒரு வினா எழுந்தது. அவ்வினாவைக் கேட்ட பின்னர், எழுதி வந்ததைப் படித்துவிட்டு அமர்வது நேர்மையன்று என்று தோன்றிற்று. ஆகவே அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டோம். அவை பொறுத்தருள வேண்டும்.

வினா இதுதான். நம் மாணவியர் இன்று மேடையில் 'மைத்ரீம் பஜத' என்று தொடங்கும் வடமொழிப் பாட்டைப் பாட இருக்கின்றனர். இசையாசிரியை ஒரு திங்களாகப் பயிற்றுவித்திருக்கிறார். சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "மடாதிபதி எழுதிய பாட்டை, நம் பாட்டன்மார் காதால் கேட்டாலும் குற்றம் என்று விலக்கப்பட்ட மொழியில், நம் பிள்ளைகள் ஏனய்யா பாட வேண்டும்?" என்று கேட்டார். குழுவில் சிறிது நேரம் பேச்சே எழவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இறுதியில், 'நீங்களே மேடையில் சொல்லுங்கள்' என்று எம் தலையில் கட்டிவிட்டார்கள்.

அப்பாட்டு எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது என்பதை முதலில் கூறிவிடுகின்றோம். தீர்ப்பை நீங்களே செய்துகொள்ளலாம்.

1966 ஆம் ஆண்டு அக்டோபர் 23 ஆம் நாள். இடம் நியூயார்க்கு நகரில் ஐக்கிய நாடுகள் அவையின் பொது மன்றம். அவையின் ஆண்டு நாளையொட்டி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் அங்கே கச்சேரி செய்தார். அந்நாளில் பொதுச் செயலாளராக இருந்தவர் பர்மா நாட்டவரான ஊ தாண்ட். அவருடைய அலுவலகத்தில் உயர் பொறுப்பு வகித்தவர் தமிழரான சி.வி. நரசிம்மன். அம்மையாரை அழைப்பதில் முன்நின்றவர் அவரே. அக்கச்சேரிக்கென்றே காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதி அவர்கள் ஒரு பாட்டை இயற்றிக் கொடுத்தார். அதற்கு மெட்டமைத்தவர் மராத்தியரான வசந்த் தேசாய் என்னும் திரைப்பட இசையமைப்பாளர். அதே மேடையில் அம்மையார் ஆங்கிலப் பாட்டு ஒன்றையும் பாடினார். அதை எழுதியவர் இராசாசி. மேலை இசை முறையில் அதற்கு இசையமைத்தவர் சென்னையைச் சேர்ந்த ஹாண்டல் மானுவேல் என்னும் கிறித்தவப் பெரியார்.

காலத்தையும் கருத வேண்டும். வியட்நாமில் குண்டு மழை பொழிந்துகொண்டிருந்தது. நம் நாடு 1962 இல் சீனத்தோடும் 1965 இல் பாகிஸ்தானோடும் பொருது, 1966 சனவரியில்தான் தாஷ்கண்டில் கையெழுத்திட்டிருந்தது. அணுகுண்டு சோதனையை நிறுத்துமாறு கேட்க, முதுமையையும் பாராது 1962 இல் அமெரிக்கா சென்று கென்னடியைக் கண்டவர் இராசாசி. அப்படிப்பட்ட காலத்தில், அத்தனை நாட்டுத் தூதுவர்களின் முன்னே, நட்பைப் பேணுங்கள், பிறரையும் உம்மைப்போல் எண்ணுங்கள், போரை விடுங்கள், போட்டியை விடுங்கள், பிறர் உடைமையை முறையின்றிக் கவர்வதை விடுங்கள் என்று ஒரு பாட்டு கூறிற்று. நிலமகள் வேண்டுவதெல்லாம் தரும் தாய், இறைவன் அருள்மிகு தந்தை என்றும் அது சொல்லும். இதுவே பாட்டின் சாரம். அளவில் மிகச் சிறியது.

பின்னர் அது இசைத்தட்டில் ஏறியது. கச்சேரிகளின் நிறைவில் பாடும் பாட்டாயிற்று. வானொலி வழியாகவும் பள்ளி விழாக்கள் வழியாகவும் பரவி, வடமொழி ஓர் எழுத்தும் அறியாத வீடுகளிலும் முணுமுணுக்கப்படுவதாயிற்று. அம்மையார் 2004 திசம்பர் 11 ஆம் நாள் மறைந்த பின்னும் அது மறையவில்லை. அவருடைய நூற்றாண்டாகிய 2016 இல் ஐக்கிய நாடுகள் அவை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று அதே மன்றத்தில் ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சி நடத்தினார். இன்று ஆடற்பள்ளிகளில் அப்பாட்டுக்கு அபிநயம் பிடிக்கின்றார்கள். நம் இசையாசிரியையும் தம் பள்ளி நாளில் கற்றதாகவே கூறினார்.

இனி நம் பெரியவர் கேட்ட வினாவுக்கு வருவோம். அவர் கேட்டதில் தவறில்லை. பாட்டை எழுதிய ஆச்சாரியார் எளிமையான வாழ்வினர், பெரும் புலமையாளர். இதை மறுப்பார் இலர். அவரே வருணாசிரம நெறியை இறுதிவரை ஆதரித்துப் பேசியவர். இதுவும் அவருடைய உரைகளிலேயே காணக் கிடைப்பது. பிறரைத் தன்னைப்போல் காண்க என்னும் வரியும் அந்த நெறியும் ஒரே நெஞ்சில் எவ்வாறு உடனுறைந்தன என்று நாம் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். அதைக் கேட்டால் பாட்டின் இனிமை குறைந்துபோகும் என்று அஞ்சுவோர் அஞ்சட்டும்.

ஆனால் பாட்டுக்கு ஆசிரியர் ஒருவர் மட்டும் அல்லர். பாடியவரும் உண்டு. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே 1916 இல் பிறந்தவர் சுப்புலட்சுமி. தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் பிடில் வாசித்தவர். தேவதாசி மரபில் வந்த குடும்பம். கலையைக் கேட்டு மகிழ்ந்த சமூகம் அக்கலைஞரை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த காலம் அது. அந்தக் கறையை இசையால் கடந்து வந்த ஒரு பெண்ணின் குரலில்தான் அப்பாட்டு உலகிற்குச் சென்றது. நம் ஊரின் பெயரையே எண்ணிப் பாருங்கள். தேவதானம் என்றால் தேவனுக்குத் தானமாக விட்ட நிலம். அக்காலத்தில் நிலத்தையும் தேவனுக்கு விட்டார்கள், பெண்ணையும் தேவனுக்கு விட்டார்கள். அந்நிலத்தில் ஏர் பிடித்தவன் யார் என்பதைக் கல்வெட்டு பெரும்பாலும் சொல்வதில்லை. அது வேறு கதை.

ஆங்கிலப் பாட்டை எழுதிய இராசாசி சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோதுதான், 1939 சூலை 8 ஆம் நாள், வைத்தியநாத ஐயர் நம்மவரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். சென்றவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் அமைச்சராக விளங்கிய கக்கன் அவர்கள். கோயில் தீட்டுப்பட்டது என்று பட்டர்கள் சிலர் பூசையை விட்டு வெளியேறினர். வழக்குகளும் வந்தன. இராசாசியின் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, பின்னர் அதை முழுச் சட்டமாகவும் ஆக்கி நுழைந்தோரைக் காத்தது. சுப்புலட்சுமி அம்மையாருக்கு அப்போது அகவை இருபத்திரண்டு. ஆக, இந்த அமைதிப் பாடல்களுக்குப் பின்னே நிற்பவர்கள் எல்லாரும் ஒரே வார்ப்பில் வந்தவர்கள் அல்லர்.

எமக்கு இடர்ப்பாடு தருவது பாட்டன்று. 'அமைதி' என்னும் சொல்லே. நகரத்து மண்டபத்தில் அச்சொல் ஒலித்தால் புறாவும் வெண்தாமரையும் நினைவுக்கு வரும். நம் தெருக்களில் ஒலித்தால் வட்டாட்சியர் அலுவலகத்து நீண்ட மேசை நினைவுக்கு வரும். 'அமைதிக் கூட்டம்', 'அமைதிப் பேச்சு' என்றெல்லாம் எத்தனை முறை நம்மை அழைத்திருக்கின்றார்கள்! அடி வாங்கியவரையும் அடித்தவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, 'இனிமேல் ஒன்றும் நடவாது' என்று இரு தரப்பிலும் கையெழுத்து வாங்குவார்கள். பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமையோ, தேர் வரும் வீதியோ அந்தத் தாளில் இராது. 'கொஞ்ச நாள் பொறுத்துப் போங்களப்பா' என்னும் அறிவுரை மட்டும் நம் பக்கம் பார்த்துச் சொல்லப்படும்.

1957 செப்டம்பர் 10 ஆம் நாள் முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் கூட்டிய கூட்டமும் அமைதிக் கூட்டம்தான். அன்று நம் வட்டமும் அதே இராமநாதபுரம் மாவட்டத்திலேயே இருந்தது. நம்மவர் சார்பில் அதில் கலந்துகொண்டு, மற்றவர்க்குச் சமமாக அமர்ந்து, சமமாகப் பேசினார் இளைஞர் இம்மானுவேல் சேகரன். மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் கொல்லப்பட்டார். அதன் பின் அம்மாவட்டம் பற்றி எரிந்த கதையை இங்குள்ள முதியோர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஐக்கிய நாடுகள் அவையில் அப்பாட்டு ஒலித்து இரண்டு ஆண்டும் இரண்டு திங்களும் கழிந்தபோது, 1968 திசம்பர் 25 இரவில், தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள் அவை. பாட்டின் மீது இக்குற்றத்தை நாம் சுமத்தவில்லை. ஆனால் அமைதி என்றதும் நம்மவர் செவி சற்றே கூசுவது எதனால் என்பதை மற்றவர்கள் அறிய வேண்டும்.

ஆகவே பாட்டைத் தள்ளிவிடலாமா? இங்கேதான் எம் கருத்து நம் பெரியவரின் கருத்தினின்று வேறுபடுகின்றது. அப்பாட்டின் முடிவில் அடக்கம், ஈகை, இரக்கம் என்னும் மூன்றும் ஏவப்படுகின்றன. இவை பிருகதாரணியக உபநிடதத்தில் வரும் ஒரு கதையிலிருந்து எடுத்தவை. ஆங்கிலக் கவிஞர் எலியட்டும் 1922 இல் தம் நெடும்பாட்டில் இதையே கையாண்டார். பிரசாபதியிடம் தேவர், மனிதர், அசுரர் என்னும் மூவகை மாணாக்கர் உபதேசம் கேட்டார்கள். மூவர்க்கும் அவர் சொன்னது 'த' என்னும் ஒரே எழுத்து. தேவர்கள் அதனை 'அடங்குக' என்று கொண்டனர். மனிதர்கள் 'ஈக' என்று கொண்டனர். அசுரர்கள் 'இரங்குக' என்று கொண்டனர். அவரவர் குறை எதுவோ அதுவே அவரவர் செவியில் விழுந்தது. ஆசிரியரும் 'சரியாகவே புரிந்துகொண்டீர்' என்றார்.

அந்தக் கதையின்படியே இந்தப் பாட்டையும் கேட்கலாம் என்கின்றோம். 'போட்டியை விடுக' என்பது பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விடிய விடியப் படிக்கும் நம் பிள்ளைக்குச் சொன்னதன்று. ஓட்டப்பந்தயத்தில் இப்போதுதான் கோட்டருகே வந்து நின்றவனைப் பார்த்து 'ஓடாதே' என்பது உபதேசம் ஆகாது. அது படைக்கலம் குவிக்கும் வல்லரசுகளுக்குச் சொன்னது. 'பிறர் உடைமையைக் கவராதே' என்னும் வரியோ நம் ஊர்களில் உரக்கப் பாட வேண்டிய வரி. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமன்கீர் 1891 இல் அளித்த அறிக்கையின் பயனாக 1892 முதல் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தும், எவ்வெவர் கைக்குப் போயின? அந்நிலத்தை இன்று உழுது உண்போர் முன்வரிசையில் அமர்ந்து தாளம் போட்டுக் கேட்கட்டும். அவர்கள் செவியில் எந்த எழுத்து விழுகின்றது என்று பார்ப்போம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கேட்கக் கூடாது என்றவர்கள் முன்னே நின்று, ஒலிப்புப் பிழையின்றி நம் பெண்கள் அதைப் பாடுவதில் எமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. பொருள் தெரியாமல் பாடுவது மட்டும் கூடாது. ஆகவே பாட்டின் தமிழ்ப் பொருளை முதலில் ஒரு மாணவி படித்துவிட்டு, அதன் பின்பே பாட வேண்டும் என்று நேற்றே கேட்டுக்கொண்டோம். இசையாசிரியை இசைந்தார்.

மற்றொன்றையும் கேட்டுக்கொண்டோம். இரண்டாவதாக, 'நாம் வெல்வோம்' என்னும் பொருள்பட அமெரிக்க நீக்ரோ மக்கள் பாடிய பாட்டையும் பாடச் சொன்னோம். அதுவும் அமைதிப் பாட்டே. ஆனால் பிறந்த விதம் வேறு. தேவாலயப் பாட்டாக வழங்கியதை, 1945-46 இல் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்சுடன் நகரில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளர்கள் மறியல் வரிசையில் பாடினார்கள். அவர்களிடமிருந்து டென்னசியிலிருந்த ஹைலாண்டர் பள்ளிக்கு வந்தது. பீட் சீகர் போன்ற பாடகர்கள் அதைப் பரப்பினார்கள். 1960 முதல் மாணவர் போராட்டங்களில் ஒலித்தது. 1963 ஆகஸ்டு 28 அன்று வாஷிங்டன் பேரணியில் ஜோன் பாயஸ் பாடினார். நம் நாட்டில் கிரிஜா குமார் மாத்தூரின் இந்தி வடிவம் பள்ளிதோறும் பாடப்படுகின்றது. காப்புரிமை சிலர் கையில் நெடுங்காலம் கிடந்து, வழக்குக்குப் பின் 2018 இல் எல்லார்க்கும் பொதுவாயிற்று. மன்றத்திலிருந்து மக்களிடம் இறங்கி வந்தது முதற்பாட்டு. மறியல் வரிசையிலிருந்து மன்றத்திற்கு ஏறிச் சென்றது இது. 1965 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சனே தம் உரையில் அச்சொற்களை எடுத்தாள நேர்ந்தது.

அப்பேரணியின் தலைவர்களுள் ஒருவரான மார்ட்டின் லூதர் கிங் 1959 இல் நம் நாட்டுக்கு வந்தார். காந்திகிராமத்தைக் கண்டு, திருவனந்தபுரம் சென்றார். அங்கே நம்மைப் போன்ற பிள்ளைகள் பயிலும் ஒரு பள்ளியில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதார் ஒருவர் என்று மாணவர்க்கு அறிமுகப்படுத்தினார். கிங்கிற்கு முதலில் அதிர்ச்சியாகவே இருந்தது. பின்னர் தம் நாட்டில் இரண்டு கோடி மக்கள் வாழும் நிலையை எண்ணினார். ஆம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தமக்குள் ஒப்புக்கொண்டதாக 1965 இல் தம் திருச்சபையில் அவரே கூறினார். அந்த அறிமுகத்தைச் செய்தவர் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் என்பதை இச்சங்கத்து ஆசிரியப் பெருமக்கள் நினைவிற் கொள்வார்களாக.

நேரம் கடந்துவிட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். மாணவியர் திரைக்குப் பின்னே நெடுநேரமாக நிற்கின்றார்கள். நேற்று வினா எழுப்பிய பெரியவரின் பேத்திதான் தமிழ்ப் பொருளைப் படிக்க இருக்கின்றாள் என்று இப்போதுதான் அறிந்தோம். அவரும் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். ஒலிபெருக்கியைச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள், பெண் சிறியவள்.