இரண்டிழை ஒன்றாகும் விதம்



நூற்றல் என்றதும் நம் மனக்கண்முன் வருவன தக்களியும் இராட்டையுமே. பஞ்சு இழையாகிவிட்டால் நூற்பவரின் தொழில் முடிந்தது என்று நாம் கருதுகிறோம். நமது பருத்தி நெசவைப் பொறுத்தவரையில் அது பெரும்பாலும் பொருந்தும். நெசவாளர் ஒற்றையிழையைப் பாவாக ஓட்டி, கஞ்சியிட்டு உரமேற்றித் தறியில் பூட்டுவர். ஆனால் ஆட்டு மயிரையும் அல்பாக்கா மயிரையும் நூற்கும் அந்தீஸ் மலைநாட்டுப் பெண்களுக்கு இழை நூற்பது பாதி வேலையே. இரண்டு இழைகளைச் சேர்த்துப் புரியிட்ட பின்னரே அது தறிக்கு ஏற்ற நூலாகும். அந்த மற்றப் பாதியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

பெரு நாட்டிலே, குஸ்கோ நகருக்கு அண்மையில், கடல் மட்டத்துக்கு மேல் 3,700 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது சின்செரோ என்னும் ஊர். அங்கே கெச்சுவா மொழி பேசும் பெண்கள் வழி நடக்கும்போதும் மந்தை மேய்க்கும்போதும் தக்களியைத் தொங்கவிட்டு நூற்பது வழக்கம். சிறு மரக்குச்சி ஒன்று, அதன் அடியில் ஒரு வட்டு, கருவி அவ்வளவே. அதை வலஞ்சுழியாகச் சுழற்றி இழை நூற்பார்கள்.

புதிதாக நூற்ற ஒற்றையிழையைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். அது சும்மா இராது. தன்மேல் தானே சுருண்டு திருகிக்கொள்ளும். ஏறிய முறுக்கு அவிழ்வதற்கு வழி தேடுகிறது. இத்தகைய இரண்டு இழைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, இம்முறை இடஞ்சுழியாக முறுக்கினால், ஒவ்வொன்றும் தன் முறுக்கிற் சிறிது அவிழ்கின்றது. அவிழும்போதே மற்றதைச் சுற்றிக்கொள்கின்றது. பிரிந்துபோக முயலும் விசையே இரண்டையும் பிணிக்கும் விசையாகிவிடுகிறது. பசையும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம். தும்புக் கயிறு திரிப்பதைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று. மேலும், ஓரிழை மெலிந்த இடத்திலேயே மற்றதும் மெலிந்திருப்பது அரிது; ஆகவே ஒன்றின் குறையை மற்றது தாங்கிக்கொள்கிறது.

சொல்வதற்கு எளிது. கைப்பழக்கம் எல்லாம் வேண்டியிருப்பது அதற்கு முந்திய வேலையில். இரண்டு இழைகளையும் ஒரே இழுவிசையில் சேர்த்து, முதலில் ஒரே பந்தாகச் சுற்றவேண்டும். ஓரிழை இறுகி மற்றது தளர்ந்திருந்தால், தளர்ந்தது இறுகியதைச் சுற்றிப் படரும் கொடிபோல ஆகிவிடும். பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் சுமை முழுவதும் ஓரிழையின்மேல் விழும். அவ்விழை அறுந்தால் மற்றதும் பயன்படாது. எனவே அனுபவமுள்ளவர்கள் பந்து சுற்றுவதில் அவசரப்படுவதில்லை.

புரியிடுவதற்கெனச் சற்றுப் பெரிய தக்களி ஒன்று உண்டு. அதனைக் கந்தி என்பர். கனம் கூடியதாகையால் அது நெடுநேரம் சுழலும். புரியிட்ட நூலைக் கைநீளம் எடுத்து வளையமாகத் தொங்கவிட்டால், திருகாமல் தொங்குவது சமநிலையான நூல். பின்னல் வேலைக்கு அது போதும். சின்செரோப் பெண்களோ அதற்கு மேலும் முறுக்கேற்றுவர். காரணம் அவர்களுடைய தறி. அதன் ஒரு முனை கம்பத்திலும் மறுமுனை நெய்பவளின் இடுப்பிலும் கட்டப்பட்டிருக்கும். அத்துணியில் பாவிழைகளே நெருங்கி நின்று ஊடையை மறைக்கும். அவை மேலும் கீழுமாக மாறுந்தோறும் ஒன்றோடொன்று உராயும். முறுக்குக் குறைந்த நூல் அங்கே பஞ்சாய்ப் பிரிந்துவிடும்.

இவ்வளவு உழைப்பும் துணியை வாங்குபவரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதே வருந்தத்தக்கது. வண்ணமும் கோலமும் தெரியும், புரி தெரியாது. ஆலையில் செய்த செயற்கை நூல் மலிவாக வந்தபோது பலர் அதனையே வாங்கி நெய்யலாயினர். அவர்களைக் குறை சொல்வது நியாயமன்று. காணப்படாத உழைப்புக்கு யார் கூலி கொடுப்பார்? 1996ஆம் ஆண்டு குஸ்கோவில் மரபு நெசவு நிலையம் நிறுவப்பட்டது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் சின்செரோவைச் சேர்ந்த நில்டா கய்யஞாவ்பா அம்மையார். நெய்வதோடு நூற்பதையும் புரியிடுவதையும் சாயமேற்றுவதையும் இளையோர் மூத்தோரிடமிருந்து கற்றுக்கொள்ள அந்நிலையம் வழி செய்தது.

அவர்கள் கற்பவற்றுள் ஒன்று லியோக்கே என்னும் நூல். இடது என்பது அச்சொல்லின் பொருள். இதனை இடஞ்சுழியாக நூற்று வலஞ்சுழியாகப் புரியிடுவர். தீங்கை விலக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்பது அம்மக்களின் நம்பிக்கை. நம்பிக்கை ஒருபுறமிருக்க, அதனைத் துணியின் ஓரத்தில் வைப்பதில் தொழில் நுணுக்கமும் இருக்கிறது: ஒரே திசையில் முறுக்கிய நூல்களால் ஆன துணி ஓரத்தில் சுருளப் பார்க்கும், எதிர்த்திசை நூல் அதனைத் தடுத்து நிறுத்தும். ஓரத்துக்கு வேண்டிய அந்தச் சில நூல்களுக்காக ஒருத்தி, கை பழகிய திசையை விட்டு, முதலிலிருந்து மறுபுறமாகத் தக்களியைச் சுழற்றி உட்காருகிறாள்.